ஊர்ப் பொது இடமும் ஊரார் யோசனையும்

ஊர்மந்தை, சாவடி, நெற்களம், குளக்கரை, குழாயடி, சிறுவர் விளையாடுமிடம் ஆகியவை தனி ஒருவர்க்கு உரியவை அல்ல. ஊரார் யாவர்க்கும் உரியவை. ஆதலின் அவற்றைச் சீர்திருத்துங்கால் ஊரார் யாவரையும் கலந்துகொள்வது நியாயமாகும். நியாயம் மட்டுமன்று, சிக்கனமுமாகும். உபயோகிப்பவரைக் கேளாது கட்டிய மேடை நிழலின்றி வெறுமையாய்க் கிடக்கும். குடம் வைக்க இடமும் நீர் வடிய வழியும் இல்லாத குழாயடி சேறாகும். களம் வெகுதூரத்தில் அமைந்தால், நெல் சாலையிலேயே காயும். இவற்றிற்குச் செலவான பணமோ பொதுப் பணம்.

முற்கால ஏற்பாடு

ஊரார் பொறுப்பேற்கும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றிற்குக் குடவோலை முறையால் அங்கத்தினரைத் தெரிந்தெடுத்த விதத்தை விவரிக்கின்றன. வாரியத்தார் ஓராண்டே பதவி வகித்தனர். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. ஆயினும் நிலமும் கல்வியும் உடையவர் பெயரே ஓலையில் எழுதப்பட்டது. நிலமற்ற உழைப்பாளிக்கு அதில் இடமில்லை. பொறுப்பையும் கணக்கையும் அச்சபையிடமிருந்து கற்க வேண்டும். விலக்கி வைத்தலை அதனோடேயே விட்டுவிட வேண்டும்.

அயல்நாட்டு அனுபவம்

நெதர்லாந்து தேசத்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1947ஆம் ஆண்டு ஒரு சிறு சதுக்கத்தில் குழந்தைகளுக்கு விளையாட்டிடம் ஒன்று அமைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் நகராட்சியில் பணிபுரிந்த ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர். மணற்குழி, தாண்டி விளையாடும் கற்கள், தொங்கி ஆடும் இரும்புக் கம்பிகள், பெரியோர் அமரும் பலகைகள் ஆகியவையே அதிலிருந்தன. அதனைக் கண்ட மற்றத் தெருவார், தங்கள் பகுதியிலும் அத்தகைய இடம் வேண்டுமென்று நகராட்சிக்குக் கடிதம் எழுதலாயினர். தங்கள் பகுதியிலுள்ள வெற்றிடங்களையும் அவர்கள் சுட்டிக் காட்டினர். 1978ஆம் ஆண்டிற்குள் 700க்கு மேற்பட்ட விளையாட்டிடங்கள் அமைந்தன. தேவையைக் கூறியவர் குடிமக்கள். அமைப்பை வகுத்தவர் நிபுணர். கிராமத்திலும் இவ்வாறே பொறியாளர் நீர்மட்டமும் அளவும் அறிவார். மழையில் எங்கு நீர் தேங்கும், மாலையில் எவ்விடம் நிழலாகும் என்பதை ஊரார் அறிவர். இவ்விரு அறிவும் ஒன்றுசேர வேண்டும்.

செய்முறை

1. நடந்து பார்த்தல். நிலம் எவ்வகைப் புறம்போக்கு என்பதையும் எல்லையையும் கிராமக் கணக்கில் முதலில் தெரிந்துகொள்க. பின்னர் காலை, நண்பகல், அந்தி ஆகிய மூன்று வேளையும் அவ்விடத்தைச் சுற்றி வருக. கால்தடம் பதிந்த ஒற்றையடிப் பாதையே ஜனங்களின் உண்மையான வழி. அதனை மறித்துச் சுவர் எழுப்பலாகாது.

2. தரையில் வரைதல். காகிதத்திலுள்ள வரைபடம் பலர்க்கு விளங்காது. தரையில் கோலமாவினால் ஊரை வரைந்து, மரத்திற்கு இலையும் கிணற்றிற்குக் கல்லும் வைத்தால் எழுத்தறியாதவரும் திருத்தம் கூறுவர். 1990களில் இந்தியக் கிராமங்களில் பரவிய பங்கேற்பு ஆய்வுகளில் இம்முறை பயன்பட்டது.

3. முளை அடித்தல். முடிவான அமைப்பை அவ்விடத்திலேயே முளையும் கயிறும் கொண்டு முழு அளவில் குறித்து, சில நாள் அப்படியே விட்டுவைக்க. வண்டி திரும்புகிறதா, குடத்துடன் வருவோர் எளிதில் செல்கின்றனரா என்று பார்க்க. கயிற்றை நகர்த்தச் செலவில்லை; சுவரை இடித்துக் கட்டச் செலவு உண்டு.

4. பராமரிப்பை எழுதுதல். பெருக்குபவர் யார், புங்கங்கன்றிற்கு நீர் ஊற்றுபவர் யார், விளக்குப் பழுதானால் யாரிடம் தெரிவிப்பது என்பனவற்றைக் கட்டுமுன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதுக.

பேசாதவர் யார்?

கூட்டத்தில் உரக்கப் பேசுவோர் சிலரே. நாள்தோறும் குழாயடிக்கு வரும் பெண்கள், கூலி வேலை முடிந்து இருட்டில் திரும்புவோர், முதியோர், சிறுவர் ஆகியோரின் குரல் பெரும்பாலும் கேட்பதில்லை. கூட்டம் நடக்கும் இடமே சிலரை வரவொட்டாமல் தடுப்பதும் உண்டு. ஒரு சாதியார் தயங்கி நிற்கும் திண்ணையில் பொது இடத்தைப் பற்றிப் பேசினால், அந்த இடமும் பொதுவாகாது. ஆகவே யாவரும் சமமாய் அமரத்தக்க பள்ளிக்கூடம் போன்ற இடத்தில், வேலை முடிந்த வேளையில் கூடுக. பெண்களிடம் தனியாகவும் ஒருமுறை கேட்க. மெல்லிய குரலில் வந்த யோசனையையும் பெயருடன் பதிவு செய்க.

சங்கத்தின் கடமை

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்கு அங்கீகாரம் அளித்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. கூட்டுறவுச் சங்கம் அச்சபைக்குப் போட்டியன்று. அங்கத்தினரின் யோசனைகளைத் திரட்டி, மதிப்பீட்டுடன் சபையின் முன் வைப்பதே சங்கத்தின் வேலை. விதிகள் இடந்தருமாயின் பொது நன்மைக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து உதவவும் செய்யலாம்.

தன் யோசனையால் நட்ட மரத்தை ஒருவர் வெட்டவிடமாட்டார். அந்தப் பற்றே பொது இடத்திற்கு வேலியாகும்.

அங்கத்தினர் ஆலோசிக்க வேண்டியவை

- நம் ஊரில் உபயோகமின்றிக் கிடக்கும் பொதுக் கட்டடம் எது? கட்டுமுன் யாரைக் கேட்டனர்?
- ஊரில் எல்லோரும் தயக்கமின்றி அமரக்கூடிய இடம் எது?
- அடுத்த கிராம சபைக்கு முன் எவ்விடத்தில் முளை அடித்துப் பார்க்கலாம்?