தெளிந்த நீர் தூய நீரா?
(முதுகலை வேதியியல், இரண்டாம் ஆண்டு)

"தெளிஞ்சு போச்சுல்ல, ஓடையில திறந்துவிட வேண்டியதுதானடா?" என்றார் என் தந்தையார். போடி மலைச்சரிவில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் உண்டு. பழத்தோலை உரித்துக் கொட்டையைக் கழுவிய நீர் குழியில் இரவெல்லாம் கிடந்து, மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்திருந்தது. அக்கேள்வியே என் ஆய்வுக்கு வித்தாயிற்று.

ஏலக்காயால் பெயர்பெற்ற போடியில் இவன் காப்பியை ஏன் எடுத்தான் என நண்பர்கள் வியக்கலாம். ஏலக்காயை உரிப்பதில்லை, முழுக்காயாகவே உலர்த்துகிறோம். காப்பிப் பழத்தையோ உரித்துக் கழுவுகிறோம். அதன் வழவழப்பிலுள்ள சர்க்கரையும் பெக்டினும் நீரில் இறங்குகின்றன.

0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளைக் கடந்து செல்வதையே கரைந்த கரிமப் பொருள் என்பர். இஃது இயற்கை வகுத்த எல்லையன்று. வசதிக்காக நாம் கிழித்த கோடு. சர்க்கரை நொதித்து அமிலமாகும். அமிலத்தில் பெக்டின் திரண்டு ஆடையாக மிதக்கும். எஞ்சிய சர்க்கரையும் அமிலமும், தோலிலிருந்து வந்த டானின் வகைகளும் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 8 மில்லிகிராம் உயிர்வளியையே தாங்கும். நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்ணும்போது அதுவும் தீர்ந்துபோகும். மழை ஓய்ந்து ஓடை மெலிந்த நாள்களில் மீன் எப்படிப் பிழைக்கும்?

பொட்டாசியம் டைகுரோமேட்டுடன் அமிலத்தில் 2 மணி நேரம் கொதிக்க வைத்து வேதி உயிர்வளித் தேவையை அளந்தேன். தோட்டத்திற்கு மேலே, காட்டோடை நீரிலும் அளவு கூடுதலாகவே வந்தது. உண்மையைச் சொன்னால் மகிழ்ந்தேன். குற்றம் எங்கள் குழியில் இல்லையே! பேராசிரியர் அம்மகிழ்ச்சியை ஒரே கேள்வியில் கலைத்தார்: "வாலைவடி நீரை வடித்துப் பார்த்தீரா?" பார்த்தேன். அதிலும் அளவு காட்டியது. கரிமப் பொருள் கசிந்தது ஓடையிலிருந்து அன்று, என் வடிதாளிலிருந்தே! ஒரு மாத முடிவுகள் வீணாயின. வடிதாளை நன்கு கழுவிய பின் காட்டோடை நீர் தூயதென்றே தெரிந்தது. குழிநீர் மட்டும் மாறவில்லை.

டானின் போன்றவை எளிதில் சிதைவதில்லை. இயற்கைக் கரிமப் பொருள் கலந்த நீரில் குளோரின் சேர்த்தால் குளோரோபார்ம் முதலியன தோன்றும் என்பதை 1974-இல் நெதர்லாந்தின் ரூக் கண்டறிந்தார். நம் ஓடைகள் கொட்டகுடி ஆறு வழியே வைகைக்குச் செல்பவை. வழிநெடுக எத்தனை ஊர்கள் அந்நீரைக் குளோரின் இட்டுக் குடிக்கின்றன!

சுண்ணாம்பு இட்டு அமிலத்தை முறிக்கலாம். கழுவிய நீரையே மறுபடி பயன்படுத்தி அளவைக் குறைக்கலாம். கழுவாமல் பழமாகவே களத்தில் உலர்த்தினால் கழிவு நீரே இல்லை. இதையெல்லாம் தந்தையாரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"களத்துல காயவச்ச காப்பிக்கு விலை கம்மிடா. அந்தக் காசுலதான உன்னையப் படிக்க வைக்கிறேன்?"

அடுத்த பறிப்பில் ஒரு குழிக்கு மட்டும் சுண்ணாம்பு இட இசைந்திருக்கிறார்.