தாத்தா ஞானஸ்நானம் பெற்ற கோயில் எது?



நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று பேலியகொடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். "லயத்துல பிறந்தேன், பதிஞ்சாங்களோ என்னமோ" என்று பதில் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த இடத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. அதுதான் கோயிலில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடு. அதை எப்படித் தேடுவது என்பதே இம்மாதப் பாடம்.

1. ஏடு எங்கே இருக்கும்?

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். ஞானஸ்நானம் எந்தப் பங்கில் கொடுக்கப்பட்டதோ, அந்தப் பங்கின் ஏட்டில்தான் அது எழுதப்படும். குடும்பம் இடம் மாறினாலும் ஏடு கூடவே வராது. பேலியகொடையில் இருக்கிற பேரன் அங்குள்ள சாமியாரிடம் போய்த் தாத்தாவின் சான்றிதழைக் கேட்டால் கிடைக்காது. தாத்தா இருந்த மலைப் பக்கந்தான் கேட்க வேண்டும்.

"எங்க தோட்டத்துக் கோயில்ல ஏடே இல்லையே" என்பீர்கள். சிறிய தோட்டக் கோயில்களுக்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். அங்கே கொடுத்த ஞானஸ்நானத்தையும் தாய்க் கோயிலின் ஏட்டில் எழுதுவதே வழக்கம். அப்படித் தேட வேண்டிய இடங்களில் ஹட்டன் திருச்சிலுவை ஆலயம், நுவரெலியா புனித சவேரியார் ஆலயம் போன்றவை அடங்கும். பிறகு புதுப் பங்கு பிரிந்திருந்தால், பிரிவதற்கு முந்திய பதிவைப் பழைய தாய்க் கோயிலில் கேளுங்கள்.

தாய்க் கோயில் எது என்று தெரியாவிட்டால் ஆயர் இல்லத்துக்கு எழுதலாம். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் கண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஊவாவுக்கு 1972இல் பதுளை மறைமாவட்டமும், சப்ரகமுவைக்கு 1995இல் இரத்தினபுரி மறைமாவட்டமும் அமைந்தன. கொழும்பு, கம்பஹா, களுத்துறை ஆகியவை கொழும்பு உயர் மறைமாவட்டம்.

அங்கிலிக்கன் சபைக் குடும்பங்கள் சபையின் குருவானவரைக் கேட்க வேண்டும். தோட்டத் தமிழருக்கென்று 1854ஆம் ஆண்டிலேயே அச்சபையார் ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்து தோட்டம் தோட்டமாக நடந்தார்கள்.

2. ஏட்டில் என்ன இருக்கும்?

கத்தோலிக்க ஏட்டில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, இடம், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர், ஞானஸ்நானம் கொடுத்த குருவின் பெயர், திகதி ஆகியவற்றைக் காணலாம். ஓரத்திலும் பாருங்கள். அவர் பின்னால் எங்கே திருமணம் முடித்தார் என்ற குறிப்பு அங்கே இருக்கும். அதேபோல, பாட்டியின் திருமணப் பதிவைப் பார்த்தால் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கு தெரியவரலாம். இப்படி ஒரு ஏட்டைப் பிடித்து அடுத்த ஏட்டுக்குப் போகலாம்.

ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் சொந்தக்காரர்கள் அல்லது ஒரே ஊர்க்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகளிடம் விசாரித்தால் பழைய ஊரின் பெயர் கிடைக்கும்.

3. பெயரில் வரும் குழப்பம்

பழைய ஏடுகள் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டிருக்கும். வீட்டில் ராயப்பன் என்றால் ஏட்டில் பெத்ருஸ் அல்லது பீற்றர். சின்னப்பன் என்றால் போல். அருளப்பன் என்றால் ஜோன். சூசை என்றால் ஜோசப். சந்தியாகு என்றால் ஜேம்ஸ். "எங்க தாத்தா பேர் இல்லை" என்று ஏட்டை மூடுவதற்கு முன் இந்தப் பெயர்களையும் பாருங்கள். தோட்டத்துக்கும் இரண்டு பெயர் உண்டு. கம்பெனி வைத்தது ஒன்று, நம் ஆட்கள் சொல்வது ஒன்று. இரண்டையும் டிவிசன் பெயரோடு எழுதிக் கொடுங்கள்.

பாட்டனார் ஊரிலேயே ஞானஸ்நானம் பெற்று வந்தவரானால், ஏடு தமிழ்நாட்டில் அந்தக் கிராமத்துத் தாய்க் கோயிலில் இருக்கும். மறைமாவட்டங்கள் அங்கும் பிரிந்திருக்கின்றன. உதாரணமாக, சிவகங்கை 1987இல் மதுரையிலிருந்து பிரிந்தது.

4. இதனால் என்ன பயன்?

ஞானஸ்நானச் சான்றிதழ் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. ஆனால் காலங்கடந்து பிறப்பைப் பதிய விண்ணப்பிக்கும்போது பதிவாளரிடம் ஆதாரமாகக் காட்டலாம். உத்தேச வயதுச் சான்றிதழ் கேட்கும்போதும் உதவும்.

இதைவிடப் பெரிய விஷயமும் உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததியினருக்கும் குடியுரிமை கொடுத்தது. தாத்தாவின் பெயர் 1964க்கு முந்திய மலையகக் கோயில் ஏடு ஒன்றில் இருந்தால், குடும்பம் அப்போதே இங்கே இருந்ததற்கு அது ஒரு எழுத்துச் சாட்சி.

கொழும்பில் பிறக்கும் பேரப்பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். பேலியகொடையை நாம் "கொழும்பு" என்கிறோம். ஆனால் அது களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கம்பஹா மாவட்டம், களனி பிரதேச செயலகப் பிரிவு. பிறகு சான்றிதழ் தேடும்போது அலையாதிருக்க, பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியையும் பதிந்த இடத்தையும் இன்றே எழுதி வையுங்கள்.

இந்துக் குடும்பங்களுக்கும் இதே முறைதான். ஞானஸ்நான ஏட்டுக்குப் பதிலாகத் தோட்ட ஆஸ்பத்திரிப் புத்தகத்தையும் பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பையும் தேட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

குடும்பத்தில் மூத்தவரோடு உட்கார்ந்து இவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள்:

• எந்தத் தோட்டம், எந்த டிவிசனில் பிறந்தீர்கள்?
• ஞானத்தாய், ஞானத்தகப்பன் யார்?
• திருநாளுக்கு எந்தக் கோயிலுக்குப் போவீர்கள்?
• ஊரில் நம் கிராமம் எது, அங்கே கோயில் எந்தப் புனிதர் பேரில்?

இந்த நான்கு பதில்களோடு பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் போட்டால் தேடுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஏடு கோயிலில் இன்னும் பல காலம் இருக்கும். எந்தக் கோயில் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்போம்.