கூலன்ட் மாற்றிய பிறகு எஞ்சின் கொதிப்பது ஏன்?

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு

நண்பர்களே, ஹீட் பேலன்ஸ் ஷீட் போடச் சொன்னால் நாம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவோம். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலிங் சிஸ்டம் வழியாக வெளியே போகிறது. எழுதினால் மார்க் நிச்சயம். ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கு வெளியே போக வழியில்லாமல் எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? அதை நான் பரீட்சை ஹாலில் படிக்கவில்லை. இன்-பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில், அடுத்தவர் வண்டியைக் கெடுத்துத்தான் படித்தேன்.

வத்தலக்குண்டு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். மே மாதம், கொடைக்கானல் சீசன் நேரம். ஒரு டிரைவர் அண்ணன் வேன் கொண்டுவந்தார். சொந்த வண்டி, ஆனால் கடனில் ஓடுகிற வண்டி. “கூலன்ட் துரு கலர்ல இருக்கு, மாத்திக் குடு தம்பி, நாளைக்கு மலைக்கு சவாரி இருக்கு” என்றார். இதென்ன பெரிய வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். கீழ் ஹோஸைக் கழற்றினேன், பழையது தரையில் ஓடியது. ஹோஸை மாட்டி, புதியதை மளமளவென்று ஊற்றினேன். வாய் வரை வந்து வழிந்தது. நிறைந்துவிட்டது என்று மூடியைப் போட்டேன். ஐந்து நிமிடம் ஐடிலிங், ஒரு ரவுண்டு தெருவுக்குள். முள் ஒழுங்காக நின்றது. பில் போட்டாயிற்று.

மறுநாள் பத்து மணிக்கு மேஸ்திரிக்குப் போன். காமக்காப்பட்டி தாண்டி ஏற்றத்தில் முள் மேலே ஏறியிருக்கிறது. அண்ணன் ஓரம் கட்ட இடம் தேடுவதற்குள் முள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. சரியாயிடுச்சு என்று நினைத்து இன்னும் நாலு வளைவு ஏற்றியிருக்கிறார். அப்புறம் இழுவை போய், எஞ்சின் தட்டி, சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்திருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்ததும் மேஸ்திரி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “எவ்வளவு இறங்குச்சு, எவ்வளவு ஏத்துன?” என்னிடம் பதில் இல்லை. இறங்கியது தரையில் போனது. ஏற்றியதை அளக்கவே இல்லை.

விஷயம் இதுதான். சிஸ்டத்தைக் காலி செய்யும்போது தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் காற்று வந்து உட்காருகிறது. மறுபடி ஊற்றும்போது அந்தக் காற்று வெளியேற வழி வேண்டும். ரேடியேட்டர் மூடிதான் மிக உயரமான இடம் என்றால் கவலை இல்லை. ஆனால் முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின் வைத்த வேன்களில் ரேடியேட்டர் முன்னால் தாழ்வாக இருக்கும், ஹோஸ் நீளமாக வளைந்து வரும். மூடி வரை தண்ணீர் நின்றாலும் சிலிண்டர் ஹெட்டிலும் ஹீட்டர் குழாயிலும் காற்று மாட்டிக்கொண்டிருக்கும். இதைத்தான் ஏர் லாக் என்கிறோம்.

கொஞ்சம் காற்றால் என்ன கெட்டுவிடும் என்று எனக்கும் தோன்றியது. வாட்டர் பம்ப் சென்ட்ரிஃப்யூகல் வகை. அதற்குள் காற்று புகுந்தால் இம்பெல்லர் சும்மா சுற்றுமே தவிர தள்ளாது. தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தெர்மோஸ்டாட்டின் மெழுகு சுமார் 82 டிகிரியில் உருகித் திறக்க வேண்டும்; அதன் அடியில் சுடுதண்ணீருக்குப் பதில் காற்று நின்றால் அது நேரத்துக்குத் திறக்காது. திறக்காததால் ரேடியேட்டர் குளிர்ந்தே கிடக்கும். ரேடியேட்டர் சூடேறாததால், அதில் ஸ்விட்ச் வைத்த எலெக்ட்ரிக் ஃபேனும் ஓடாது. எஞ்சின் அங்கே வேகும்போது ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும்! ஏற்றத்தில் லோ கியர், மெதுவான வேகம், எதிர்க்காற்றும் குறைவு. தெருவுக்குள் தெரியாத கோளாறு மலையில்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது அந்த முள். சென்சாரின் முனை தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். தண்ணீர் மட்டம் இறங்கி முனை காற்றிலோ ஆவியிலோ நின்றால் முள் கீழே விழும். ஆகவே கூலன்ட் மாற்றிய வண்டியில், ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால், உடனே எஞ்சினை நிறுத்த வேண்டிய நேரம் அது. டிரைவர் அண்ணனுக்கு இது தெரியவில்லை. சொல்லி அனுப்ப வேண்டிய எனக்கும் தெரியவில்லை. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விட்டது. ஃபேஸிங் போட்டு, கேஸ்கட் மாற்றி வண்டி வெளியே வர ஆறு நாள். சீசனில் ஆறு நாள்.

ஓரம் கட்டியதும் மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீர் ஊற்றப் போனார் அவர். நல்லவேளை, கூட வந்தவர் தடுத்துவிட்டார். 0.9 கிலோ அழுத்த மூடி இருக்கும்போது தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடி திறந்த கணமே அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். கை தாங்கும் அளவுக்கு ஆறும்வரை தொடக்கூடாது.

இரண்டாம் முறை ஊற்றியதும் நான்தான், மேஸ்திரி பக்கத்தில் நிற்க. வண்டியின் மூக்கை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்தினோம். ஹீட்டர் லீவரை முழுச் சூட்டுக்குத் தள்ளினோம் (நம்ம ஊரில் ஹீட்டர் யார் போடுகிறார்கள் என்று சிரிக்காதீர்கள், அது மூடியிருந்தால் அந்தக் குழாய்க் காற்று வெளியே வராது). பிளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஒரே தாரையாக வரும்வரை மெதுவாக ஊற்றினோம், ஸ்க்ரூவை மூடினோம். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குளுக் குளுக்கென்று குமிழி வரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, சூடேறுவதற்கு முன் மூடியைப் போட்டோம். மேல் ஹோஸ் திடீரென்று சுட்டால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் முழுக்க ஆறவிட்டு, மறுபடி பார்த்தோம்.

காற்று எடுத்த பிறகும் கொதித்தால் வேறு இடம் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் தலைகீழாக மாட்டியிருக்கலாம். மெழுகுப் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். மூடியின் ரப்பர் போயிருக்கலாம். எத்தனை முறை எடுத்தாலும் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். கூலன்ட்டைத் தண்ணீர் கலக்காமல் கெட்டியாக ஊற்றுவது இன்னொரு தப்பு. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.2 கிலோஜூல் வாங்கும், வெறும் கிளைக்கால் சுமார் 2.4தான். பாதிக்குப் பாதி போதும், அதுவும் கிணற்று உப்புத் தண்ணீரில் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரில்.

அந்த வேனின் கொள்ளளவு 6 லிட்டர். அளவு ஜாடியில் அளந்து ஊற்றினேன். நாலரை லிட்டரிலேயே வாய் வரை வந்து நின்றது. முதல் தடவை நான் மூடியைப் போட்ட இடம் அதுதான். மீதி ஒன்றரை லிட்டர் இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. டிரைவர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஜாடியையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து, ரிசர்வ் டேங்க் கோட்டைத் தானே குனிந்து பார்த்தார். ஒரு விரல் இறங்கியிருந்தது. “ஊத்து தம்பி” என்றார். ஊற்றினேன். மலைக்குக் கிளம்பினார்.