பிழை செய்யலாம், வாருங்கள்!



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் வாக்கு. கணினி வலையமைப்புப் பாடத்திற்கு இது மிகவும் பொருந்தும். ரௌட்டர், சுவிட்ச் ஆகியவற்றின் விளக்கத்தை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும், இரு கணினிகளை நாமே இணைத்துப் பார்க்காதவரை பாடம் மனத்தில் பதியாது. ஆனால், மாணவிக்கு ஒரு ரௌட்டர் வாங்கித் தருவது எளிதன்று. இருக்கும் ஒன்றைத் தொடவோ நமக்கு அச்சம். அதில் ஓர் எண் பிழைத்தால் அலுவலகக் கணினிகளும் முடங்கலாம் அல்லவா?

இக்குறையைப் போக்குவதே மெய்நிகர் ஆய்வுக்கூடம். அங்கே கருவிகள் திரையில் படங்களாகவே இருக்கும். ஆயினும் பெரும்பாலும் உண்மைக் கருவிகளைப் போலவே இயங்கும். 'சிஸ்கோ பாக்கெட் டிரேசர்' அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று.

அதில் நாங்கள் செய்த பயிற்சியைக் கேளுங்கள். ரௌட்டரின் ஒருபுறம் 192.168.1.10, 192.168.1.11 என்னும் முகவரிகளோடு இரு கணினிகளையும், மறுபுறம் 192.168.2.10 என்னும் முகவரியோடு ஒரு கணினியையும் அமைத்தோம். பிறகு முதல் கணினியிலிருந்து 'பிங்' கட்டளை இட்டோம். 1983ஆம் ஆண்டு மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய இந்நிரல், "இருக்கிறாயா?" என்று மற்றக் கணினியைக் கேட்டு மறுமொழிக்குக் காத்திருக்கும். பக்கத்துக் கணினி மறுமொழி தந்தது. மறுபுறத்துக் கணினியோ மௌனம் சாதித்தது!

கம்பியில் பழுதா, ரௌட்டரில் பழுதா என்று எங்களுக்குள் வாதிட்டோம். பின்னர், செய்தி செல்லும் வழியைப் படிப்படியாகக் காட்டும் பகுதியைத் திறந்தோம். கடித உறை போன்ற அச்செய்தி, முதல் கணினியை விட்டுப் புறப்படவே இல்லை! வெளியே செல்லும் வாயிலாகிய ரௌட்டரின் முகவரியை, அதாவது 192.168.1.1 என்பதை, அக்கணினியில் எழுத மறந்திருந்தோம். தபால் நிலையம் எங்கே என்று அறியாதவர் வெளியூர்க் கடிதத்தைக் கையிலேயே வைத்திருப்பது போன்றது அது. எண்ணை எழுதினோம்; மறுமொழி வந்தது. வாயில் முகவரியின் பயனை இனி எவரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரையில் கற்க முடியாதவையும் உண்டு. கம்பியினுள் இருக்கும் எட்டு மெல்லிய இழைகளை நிற வரிசைப்படி அடுக்கி முனையில் பொருத்தும் பக்குவம் விரல்களுக்குத்தான் வரவேண்டும்.

"தொடாதே, கெடுத்துவிடுவாய்" என்னும் சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நம்மில் பலர். கெடுத்தாலும் நாமே சீராக்கலாம் என்னும் துணிவை இக்கூடம் தருகிறது. அத்துணிவோடு நாளை உண்மைக் கருவியைத் தொடுவோம்!