புத்தூர் பேரூரான கதை

கற்றல் நோக்கங்கள்
• உரைநடைப் பகுதியைப் படித்துக் கருத்தை உணர்தல்.
• ஒரு நகரத்தின் இயக்கத்தைக் காரண காரியத் தொடர்போடு விளக்குதல்.
• பண்புப்பெயர்ப் புணர்ச்சியை அறிந்து பயன்படுத்துதல்.

நுழையும் முன்

மாணவர்களே! ‘உன் சொந்த ஊர் எது?’ என்று யாரேனும் வினவினால் என்ன விடை கூறுவீர்கள்? தாத்தாவும் பாட்டியும் வாழும் ஊரையா? நீங்கள் பிறந்த ஊரையா? இப்போது வாழும் ஊரையா? பெற்றோரின் பணியிடம் மாறும்போதெல்லாம் பள்ளியும் மாறும் உங்களுக்கு இவ்வினா எளிதன்று. இதற்கு விடை தேடிய மாணவி ஒருத்தி, கணினி விளையாட்டில் தானே ஒரு நகரத்தை அமைத்தாள். அந்நகரம் எழுந்ததையும், ஒருநாள் நின்றுபோனதையும், மீண்டும் இயங்கியதையும் இப்பாடத்தில் காண்போம்.

எந்த ஊரைப் பற்றிப் பேசுவது?

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் ஐந்து நிமிடம் பேசுமாறு எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கூறியிருந்தேன். தம் முறை வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து பேசினர். ஒரு மாணவி மட்டும் எழுந்து நின்றாளே தவிரப் பேசவில்லை.

“ஏனம்மா தயங்குகிறாய்?” என்றேன்.

“ஐயா, நான் மூன்று ஊர்களில் படித்துவிட்டேன். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் செல்கிறோம். எதை என் ஊர் என்று சொல்வது? ஆனால், நானே கட்டிய ஊர் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசலாமா?”

பிறந்த ஊரை விட்டுப் பணிக்காக வெகுதொலைவு வந்தவன் நான். அவளுடைய வினா எனக்கும் உரியதே. “பேசு” என்றேன். அவள் கட்டமிட்ட தாளில் வரைந்த வரைபடம் ஒன்றை விரித்தாள். அதன் மேல்முனையில் ‘புத்தூர்’ என்று தமிழில் எழுதியிருந்தது.

கனசதுர உலகம்

புத்தூர் அமைந்தது ‘மைன்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டில். சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் இதனை உருவாக்கினார். இதன் முழுமையான பதிப்பு 2011 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாள் வெளிவந்தது. இவ்வுலகில் மண், கல், மரம் முதலிய யாவும் கனசதுரங்களால் ஆனவை. ஒரு கனசதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் நீளம் கொண்டதாகக் கொள்ளப்படும். இங்கு ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 20 நிமிடங்களில் முடிந்துவிடும். இருள் சூழ்ந்த இடங்களில் பகை உயிரிகள் தோன்றித் தாக்கும். ஆகவே, உணவு தேடுவதும் உறைவிடம் அமைப்பதும் தீப்பந்தம் நடுவதும் இங்கு முதற்கடமைகள்.

விளையாட்டின் அடிப்படை வடிவத்தோடு ‘மாட்’ எனப்படும் கூடுதல் நிரல்களை ஆர்வலர்கள் எழுதிச் சேர்க்கின்றனர். நம் மாணவி அவற்றுள் இரண்டைத் தேர்ந்துகொண்டாள். ஒன்று, குடிமக்களை வரவழைத்து ஊரமைக்க உதவும் ‘மைன்காலனீஸ்’. மற்றொன்று, பற்சக்கரங்களாலும் அச்சுத்தண்டுகளாலும் பொறிகளை இயக்க உதவும் ‘கிரியேட்’.

முதற்குடிகள் நால்வர்

ஆற்றங்கரையில் அவள் நகரமன்றத்தை நிறுவினாள். உடனே குடிகள் நால்வர் வந்து சேர்ந்தனர். எங்கிருந்து வந்தனர் என்பதை விளையாட்டு கூறுவதில்லை. அவர்களுக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. அவர்களுள் ஒருவரைக் கொத்தனாராக அமர்த்தினாள். இன்ன இடத்தில் இன்ன கட்டடம் வேண்டும் என்று குறித்தால், அதற்குரிய கல்லையும் மரத்தையும் கொத்தனார் கேட்பார், கொடுத்தால் கட்டுவார்.

அவர் கட்டுவதற்கும் ஒரு முறைமை உண்டு. கொத்தனாரின் கூடம் எந்தப் படிநிலையில் உள்ளதோ, அதற்கு மேற்பட்ட படிநிலையில் பிற கட்டடங்களை அவரால் எழுப்ப இயலாது. உழைப்பவரின் நிலை உயராமல் ஊரின் நிலை உயராது என்பதை அவள் முதலில் கற்றுக்கொண்டாள்.

பின்னர் மரம் வெட்டுபவரும் சுரங்கத் தொழிலாளியும் உழவரும் சமையற்காரரும் பணியேற்றனர். உழவருக்கு ஆற்றுக்கு அப்பால் கோதுமை வயல் அமைத்தாள். அங்கே ஒரு கனசதுர நீர், தன்னைச் சுற்றி எத்திசையிலும் நான்கு கனசதுரத் தொலைவுவரை நிலத்தை ஈரமாக்கும். எனவே, பக்கத்துக்கு ஒன்பது கனசதுரம் கொண்ட சதுர வயலின் நடுவில் நீரை வைத்தால் போதும். இதற்கு வேண்டிய கணக்கை அவள் வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதியிருந்தாள். வீடுகள் பெருகின, குடிகளும் பெருகினர். சிற்றூராய்த் தோன்றிய புத்தூர் நாற்பது பேர் வாழும் ஊராயிற்று.

நீர்ச்சக்கரம் கற்பித்த பாடம்

ஆற்றில் அவள் ஒரு நீர்ச்சக்கரத்தை நிறுவியிருந்தாள். அதன் சுழற்சி அச்சுத்தண்டின் வழியாகச் சென்று கோதுமையை மாவாக்கும் திரிகையை இயக்கியது. பின்னர் மரம் அறுக்கும் இரம்பத்தையும் அதே தண்டோடு இணைத்தாள். இரண்டும் நன்றாகவே இயங்கின. ஆசை மிகுந்தது. மேலும் இரண்டு திரிகைகளையும் ஓர் இரம்பத்தையும் சேர்த்தாள். அந்நொடியே எல்லாப் பொறிகளும் நின்றுவிட்டன.

புதிதாகச் சேர்த்தவை மட்டும் நிற்கவில்லை, பழையனவும் நின்றன. சுமை, சக்கரத்தின் ஆற்றலை மிஞ்சினால் அத்தொடரில் உள்ள யாவும் நின்றுபோகும் என்பது இந்நிரலின் விதி. அவள் மற்றொரு நீர்ச்சக்கரத்தை நிறுவிச் சுமையைப் பகிர்ந்தளித்தாள். பொறிகள் மீண்டும் சுழன்றன. இக்குறையின் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலால் எளிதில் தீர்ந்தது. அடுத்து வந்த குறையோ அத்தகையதன்று.

நின்றுபோன நகரம்

விடுமுறையின் கடைசி வாரத்தில் குன்றின்மேல் மாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினாள். ஏழு மாடங்கள், கண்ணாடிச் சாளரங்கள், வாயிலில் இரு கோபுரங்கள் என அதன் அமைப்பைத் திட்டமிட்டாள். அவள் கவனம் முழுவதும் குன்றின்மேல் இருந்தது. கீழே ஊரில் என்ன நடக்கிறது என்பதை அவள் காணவில்லை.

முதலில் கொத்தனாரின் வேலை மெதுவாயிற்று. பின்னர் மரம் வருவது நின்றது. இறங்கிச் சென்று பார்த்தாள். உணவகத்தின் வாயிலில் குடிமக்கள் கூடி நின்றனர். சமையற்காரர் அடுப்பின் முன் நின்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனால், ஆற்றுக்கு அப்பால் உழவரின் கூடத்தில் கோதுமை நிறைந்து கிடந்தது!

மேலும் ஒரு வயலை உண்டாக்கினாள். பயன் இல்லை. இன்னோர் உழவரை அமர்த்தினாள். அப்போதும் பயன் இல்லை. கண்களில் நீர் தளும்பக் கணினியின் முன் அமர்ந்திருந்தாள்.

சுமப்பவர் யார்?

அவளுடைய தந்தை இரயில்வே சரக்குப் பிரிவில் பணிபுரிபவர். இரவுப்பணி முடிந்து காலையில் வீடு திரும்பியவர், மகளின் முகத்தைக் கண்டு அருகில் அமர்ந்தார்.

“என்னம்மா ஆயிற்று?”

“எல்லாரும் பசியோடு இருக்கிறார்கள் அப்பா. ஆனால், கோதுமை நிறைய இருக்கிறது.”

“கோதுமை எங்கே இருக்கிறது?”

“ஆற்றுக்கு அந்தப் பக்கம்.”

“பசி எங்கே இருக்கிறது?”

“இந்தப் பக்கம்.”

“இவ்வளவு நாளும் அதை இங்கே கொண்டுவந்தது யார்?”

அவள் சற்று நேரம் விடை கூறவில்லை. ஊர் சிறிதாக இருந்தபோது அவளே வயலுக்குச் சென்று, கோதுமையை எடுத்துவந்து திரிகையிலும் உணவகத்திலும் சேர்த்தாள். நாள்தோறும் செய்ததால் அதை ஒரு வேலையாகவே அவள் எண்ணவில்லை. அவள் மாளிகைக்குச் சென்றதும் அவ்வேலையைச் செய்ய எவரும் இல்லை.

“நான்தான் அப்பா.”

தந்தை சிரித்தார். “நான் இரவெல்லாம் செய்வதும் அதைத்தானே அம்மா? விளைவிப்பவருக்கும் உண்பவருக்கும் இடையில் ஒருவர் வேண்டும். அவர் இருக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை.”

மாளிகை வேலையை நிறுத்தினாள். இருபுறத்துக்கும் பொதுவாக ஆற்றுப்பாலத்தின் அருகே கிடங்கு ஒன்றைக் கட்டச் செய்தாள். சரக்குகளைக் கொண்டு செல்லும் சுமையாளர் இருவரை அமர்த்தினாள். அவர்கள் உழவரின் கூடத்திலிருந்து கோதுமையைக் கிடங்குக்குக் கொணர்ந்தனர். யார் யார் எதைக் கேட்டனரோ அதனை அவரவர் இடத்தில் சேர்த்தனர். சில நாள்களில் உணவகத்தின் அடுப்பு எரிந்தது. கொத்தனார் மீண்டும் சுவரெழுப்பினார். மாளிகைக்கென வைத்திருந்த கண்ணாடியில் முதற்பங்கைச் சுமையாளர் இருவரின் வீட்டுச் சாளரங்களுக்கு அளித்தாள். அதன் பின்னரே புத்தூர் பேரூராயிற்று.

விளையாட்டிலிருந்து வீதிக்கு

இத்தகைய விளையாட்டு உண்மையான ஊர்களை அமைக்கவும் உதவுமா? உதவியிருக்கிறது. மைன்கிராஃப்டை உருவாக்கிய மொயாங் நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அவையின் வாழிட அமைப்பும் இணைந்து 2012 ஆம் ஆண்டு ‘பிளாக் பை பிளாக்’ என்னும் திட்டத்தைத் தொடங்கின. கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியில் கிபேரா என்னும் நெருக்கமான குடியிருப்பு உள்ளது. அங்குள்ள விளையாட்டுத் திடல் ஒன்றை எவ்வாறு திருத்தி அமைக்கலாம் என்பதை இவ்விளையாட்டின் துணையோடு திட்டமிட்டனர்.

பொறியாளரின் வரைபடத்தைப் படிக்க எல்லாராலும் இயலாது. ஆனால், ‘இங்கே விளக்கு வேண்டும், இங்கே நடைபாதை வேண்டும்’ என்று கனசதுரங்களை எடுத்து வைக்க எவராலும் இயலும். அவ்விடத்தில் நாள்தோறும் நடப்பவரே அதன் குறைகளை நன்கறிவர். அவர்களையும் திட்டமிடுதலில் சேர்ப்பதே இம்முயற்சியின் சிறப்பு.

நிறைவாக

மாணவி பேசி முடித்தபோது ஐந்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. நான் மணி அடிக்கவில்லை. “உன் மாளிகை என்னவாயிற்று?” என்று ஒரு மாணவன் வினவினான். “இன்னும் பாதியில்தான் நிற்கிறது” என்றாள் அவள். வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில் காய்கறித் தள்ளுவண்டியையும், எரிவாயு உருளைகளை மிதிவண்டியில் கட்டிச் செல்பவரையும், பால் கொண்டுவரும் இளைஞரையும் நின்று பார்த்தேன். நாள்தோறும் கண்டவர்கள்தாம், அன்றுதான் அவர்களை எண்ணிப் பார்த்தேன். இந்நகரத்தில் நானும் ஒரு சுமையாளனே. என் சுமை, உங்கள் கையில் இருக்கும் இந்நூல்.

தெரிந்து தெளிவோம்
டென்மார்க் நாட்டின் அரசு நிலவரைபட அமைப்பு, 2014 ஆம் ஆண்டு அந்நாடு முழுவதையும் உண்மை அளவிலேயே மைன்கிராஃப்டில் உருவாக்கி வெளியிட்டது.

சொல்லும் பொருளும்
உறைவிடம் – தங்கும் இடம்
நிரல் – கணினிக்கு இடப்படும் கட்டளைத் தொகுப்பு
பொறி – எந்திரம்
திரிகை – தானியத்தை மாவாக்கும் கல்
சாளரம் – சன்னல்
கிடங்கு – பொருள்களைச் சேமித்து வைக்கும் இடம்

இலக்கணம் அறிவோம்: பண்புப்பெயர்ப் புணர்ச்சி
புதுமை + ஊர்: ‘மை’ விகுதி கெட்டு, புது + ஊர் ஆகும். தகர ஒற்று இரட்டித்துப் புத்து + ஊர் ஆகும். ஈற்று உகரம் கெட்டுப் புத்தூர் ஆகும்.
பெருமை + ஊர்: ‘மை’ விகுதி கெட்டு, முதலெழுத்து நீண்டு, ஈற்று உகரம் கெட்டுப் பேரூர் ஆகும்.

மதிப்பீடு

அ. சேர்த்து எழுதுக.
1. சிறுமை + ஊர் = ____________
2. செம்மை + கல் = ____________
3. நீர் + சக்கரம் = ____________

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. புத்தூரின் முதற்குடிகள் எத்தனை பேர்? அவர்களின் நிலை யாது?
2. புதிய பொறிகளை இணைத்ததும் பழைய பொறிகளும் நின்றது ஏன்?
3. பக்கத்துக்கு 9 கனசதுரம் கொண்ட சதுர வயலின் நடுவில் ஒரு கனசதுரம் நீர் இருந்தால், பயிரிட எஞ்சுவன எத்தனை?

இ. விரிவான விடை எழுதுக.
1. கோதுமை இருந்தும் புத்தூர் மக்கள் பசித்திருந்தது ஏன்? காரண காரியத்தோடு விளக்குக.
2. ‘அவர் இருக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை’ என்று தந்தை கூறியதன் கருத்தை உம் சொற்களில் எழுதுக.

ஈ. கற்பவை கற்றபின்
1. உங்கள் வீட்டுக்கு ஒரு நாளில் வந்துசேரும் பொருள்கள் ஐந்தைப் பட்டியலிடுக. அவற்றைக் கொண்டுவருபவர் யார் என்பதைக் கேட்டறிந்து எழுதுக.
2. ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் ஐந்து நிமிடம் பேசுக. எது உங்கள் ஊர் என்பதை நீங்களே முடிவு செய்க.