மருந்துச் சுற்றுகளுக்கு இடையே: கீமோதெரபியின் சிறு உபாதைகளும் கிராமக் குடும்பமும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்மேற்கு மூலையில், சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை அடுத்துள்ள மண்டலம் குடுபல்லி. பெங்களூர்-ஜோலார்பேட்டை ரயில் பாதையில் குப்பத்துக்கு முந்திய சிறு நிலையமும் இதுவே. தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரண்டின் எல்லைகளும் அருகில் இருப்பதால் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் இவ்வட்டாரத்தில் புழங்குகின்றன. கேழ்வரகும், பட்டுப்புழு வளர்ப்பும், கறவை மாடுகளும் பல குடும்பங்களுக்கு ஆதாரமாக உள்ளன.

இத்தகைய ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டால் அவருக்கு மூன்று திசைகளில் வழி உண்டு. ரயிலில் ஏறத்தாழ 100 கிலோ மீட்டர் தொலைவில் பெங்களூர். அங்கே 1973ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் உள்ளது. அதைவிடச் சற்றுக் கூடுதலான தொலைவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தம் மாநிலத்துக்குள்ளேயே சிகிச்சை பெற விரும்புவோர் சுமார் 200 கிலோ மீட்டர் பயணம் செய்து திருப்பதிக்குச் செல்ல வேண்டும். அங்கே 1993 முதல் இயங்கி வரும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்துடன், டாட்டா அறக்கட்டளைகளின் முயற்சியால் அமைந்த புற்றுநோய் மருத்துவமனை ஒன்றும் 2022ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

எங்கே சென்றாலும் கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. மருந்து ஒரு நாள் ஏற்றப்படுகிறது; பல சிகிச்சைகளில் அடுத்த சுற்று 21 நாள் கழித்து வருகிறது. அதாவது ஒரு நாள் மருத்துவமனையின் பொறுப்பு. இருபது நாள் வீட்டின் பொறுப்பு. அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் கணக்கில் கொள்வது பெரும்பாலும் அந்த ஒரு நாளையே. ஆந்திரத்தில் 2007ஆம் ஆண்டு ஆரோக்யஸ்ரீ என்ற பெயரில் தொடங்கப்பட்ட திட்டமும், 2018ஆம் ஆண்டு முதல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் மருந்துச் செலவின் பெருஞ்சுமையை ஏழைக் குடும்பங்களின் தோளிலிருந்து இறக்கியுள்ளன. ஆனால் குமட்டல், வாய்ப்புண், சோர்வு, விரல் மரத்தல் ஆகியவற்றுடன் கழிக்க வேண்டிய இருபது நாள்களைக் கடக்கும் வழியை நோயாளியே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. மருத்துவ நூல்கள் இவற்றைச் சிறு உபாதைகள் என்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்ற பொருளில் அது சரியே. அவற்றின் விளைவும் சிறிது என்று எடுத்துக்கொள்வது தவறு.

உபாதைகள் தோன்றுவது ஏன்?

கீமோதெரபியின் வரலாற்றில் ஆந்திரத்துக்கு உரிய பங்கு ஒன்று உண்டு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக் குழு போலிக் அமிலத்துக்கு எதிராகச் செயற்படும் பொருள்களை உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு பாஸ்டன் நகரின் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் கிடைப்பதை 1948ஆம் ஆண்டு வெளியிட்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்ஸேட் இன்றளவும் பயன்பட்டு வருகிறது.

இம்மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்று அணுக்கள் அவ்வகையின. ஆனால் வாயின் உட்தோல், குடலின் உட்படலம், மயிர்க்கால்கள், இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சை ஆகியவையும் அவ்வகையினவே. ஆகவே மருந்து வேலை செய்யும்போது இவையும் சேர்ந்து வாடுகின்றன. சில வாரங்களில் இவை பெரும்பாலும் தம் நிலைக்கு மீள்கின்றன. மீள்வதற்கு வேண்டிய கால அளவே சுற்றுகளுக்கிடையே விடப்படும் இடைவெளி.

நோயாளி உபாதை தாளாமல் ஒரு சுற்றைத் தவறவிட்டால் என்ன ஆகும்? இத்தாலியின் மிலான் நகரில் போனடோனா குழுவினர் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1995ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. அப்பெண்களுக்கு அளிக்கப்பட்ட மூன்று மருந்துகளில் ஒன்று மெதோட்ரெக்ஸேட். திட்டமிட்ட அளவில் 85 சதவீதமேனும் பெற்றவர்கள் மிகுந்த பயனடைந்தனர். 65 சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்றவர்களின் நிலை மருந்தே பெறாதவர்களின் நிலையை ஒத்திருந்தது. வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கலாம் என அறிஞர்கள் வாதிட்டதுண்டு. ஆயினும் பாதியில் நின்ற சிகிச்சைக்குச் செலவிட்ட பொதுப்பணம் எத்தகைய முதலீடு என்பதைத் திட்ட அலுவலர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குமட்டலும் உணவும்

மருந்து ஏறிய 24 மணி நேரத்துக்குள் வரும் குமட்டல் ஒரு வகை. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை நீடிப்பது மற்றொரு வகை; சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் இது மிகுதி. முந்திய சுற்றின் நினைவினாலேயே மருத்துவமனை வாசலை மிதிக்கும்போது வருவது மூன்றாவது வகை. முதற் சுற்றிலேயே வாந்தியை அடக்கிவிட்டால் இந்த மூன்றாவது வகை பெரும்பாலும் தலைகாட்டாது.

ஆன்டன்செட்ரான் போன்ற மாத்திரைகள் குடலில் சுரக்கும் செரட்டோனின் என்ற பொருள் வாந்தி உணர்வைத் தூண்டுவதைத் தடுக்கின்றன. இவை வாந்தி வருமுன் தடுப்பதற்கே சிறந்தவை. வாந்தி வந்தபின் உண்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். குறித்த வேளையில் உண்ணாமல், “தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்” என்று மாத்திரையைப் பத்திரப்படுத்தி வைக்கும் சிக்கனம் வீடுகளில் சாதாரணம். மருந்துக்குக் காசு கொடுத்துப் பழகியவர்களுக்கு அது இயல்பான புத்திதான். இந்த இடத்தில் மட்டும் அது நட்டத்தில் முடிகிறது.

மூன்று வேளை நிறைய உண்பதை விட்டு, ஐந்தாறு வேளை சிறிது சிறிதாக உண்பது நன்று. சுடச்சுடப் பரிமாறிய உணவின் மணமே குமட்டும். ஆறிய உணவில் மணம் குறைவு. இவ்வட்டாரத்தின் கேழ்வரகுக் கஞ்சி இதற்கு ஏற்றது. நாவில் உலோகச் சுவை தட்டுவோர் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டியைப் பயன்படுத்தலாம். ஆந்திரச் சமையலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சுவை மங்கிய நாக்கு ஊறுகாயையும் மிளகாயையும் நாடும். வாய்ப்புண் தோன்றும் நாள்களும் அவையே.

வாய்ப்புண் மருந்து ஏறிய ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் தொடங்குவது வழக்கம். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து, நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். கரைசலை நாள்தோறும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். பல் துலக்க மென்மையான தூரிகையே ஏற்றது. வேப்பங்குச்சியும் கரித்தூளும் கூடா. வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றை அடியோடு விலக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு, 1971ஆம் ஆண்டு வங்க அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் பெருமளவில் பயன்படுத்தி உலகுக்கு நிறுவிக் காட்டிய உப்பு-சர்க்கரைக் கரைசலே முதல் உதவி. அதன் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முறைக்கு மேல் போனால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின் இதற்கு நேர்மாறாக மலச்சிக்கலை உண்டாக்கும்; ஆன்டன்செட்ரானும் அவ்வாறே. நீரும், நார்ச்சத்துள்ள உணவும், மருத்துவர் தரும் மலமிளக்கியும் போதும்.

விரல்களும் வேலையும்

வின்கிறிஸ்டின், பாக்ளிடாக்சல் போன்றவை கை, கால் விரல்களில் மரமரப்பை ஏற்படுத்துகின்றன. நகரத்து அலுவலருக்குச் சட்டைப் பொத்தான் போடுவது கடினமாகும். குடுபல்லியில் இதன் பொருள் வேறு. பால் கறப்பது, பட்டுக்கூடு பிரிப்பது, கேழ்வரகு நாற்று நடுவது ஆகிய அனைத்தும் விரல் உணர்ச்சியைச் சார்ந்தவை. கறவை நின்றால் நாள்தோறும் வரும் வருமானமும் நிற்கிறது. மரத்த பாதத்தில் முள் தைத்தாலும், வெந்நீர் பட்டாலும் தெரியாது. வெறுங்காலுடன் வயலில் இறங்கலாகாது. இரவில் பாதங்களைப் பிறர் பார்த்துச் சொல்வது நலம். மரமரப்பு கூடுகிறது என்றால் அடுத்த சுற்றுக்கு முன்பே மருத்துவரிடம் கூற வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வழி உண்டு. காலம் கடந்தபின் சொன்னால் உணர்ச்சி முழுதும் மீளாமலும் போகலாம்.

சோர்வைப் பற்றிய பொது நம்பிக்கை, படுத்தே கிடக்க வேண்டும் என்பது. ஆராய்ச்சிகள் காட்டுவது வேறு. நாள்தோறும் இருபது முப்பது நிமிடம் மெதுவாக நடப்பவர்களுக்குச் சோர்வு குறைகிறது. இரத்த சோகை இருந்தால் அதற்கு வேறு சிகிச்சை வேண்டும்.

முடி உதிர்தல் இரண்டு மூன்று வாரங்களில் தொடங்குகிறது. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி மீண்டும் வளர்கிறது. உடலுக்கு இதனால் தீங்கில்லை. மனத்துக்கு உண்டு, பெண்களுக்குக் குறிப்பாக. திருமலைக்கு முடி காணிக்கை செலுத்தும் இப்பகுதியில், மொட்டைத் தலையுடன் பஸ்ஸில் வரும் பெண்ணை யாரும் ஏனென்று கேட்பதில்லை. உலகின் வேறு பல இடங்களில் நோயாளிகளுக்குக் கிட்டாத ஒரு மறைப்பு இது. உதிருமுன் தாமாகவே மழித்துக்கொள்ள விரும்புவோர் முதற் சுற்றுக்கு முன்பே அதைச் செய்வது நல்லது. இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் கூட்டமும், சவரக் கத்திக் கீறலும் தொற்றுக்கு வழியாகும்.

சிறு உபாதை அல்லாத ஒன்று

மருந்து ஏறிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைவது பல மருந்துகளின் இயல்பு. இந்நாள்களில் மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுவதையும் சாணம் அள்ளுவதையும் வீட்டில் வேறொருவர் ஏற்க வேண்டும். குடிநீர் காய்ச்சியதாக இருத்தல் வேண்டும். உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால் அது சாதாரணக் காய்ச்சல் என்று கருதத்தக்கதன்று. பாரசிட்டமால் விழுங்கி விடியும்வரை காத்திருந்தால் காய்ச்சல் மறைந்து தொற்று வளரும். குப்பத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்று, இரத்தச் சோதனையும் ஊசி மருந்தும் இரவிலும் கிடைக்கும் இடத்துக்கு உடனே செல்ல வேண்டும். சென்றதும், “கீமோ நடக்கிறது” என்பதை முதற் சொல்லாகக் கூற வேண்டும். சென்ற ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க் கொல்லி மருந்து தொடங்கப்பட வேண்டும் என்பது மருத்துவ விதி. கீமோதெரபி பெறும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வெப்பமானி இருத்தல் இதனால் இன்றியமையாததாகிறது.

மருந்து ஏறிய 48 மணி நேரம் வரை நோயாளியின் வாந்தி, சிறுநீர் முதலியவற்றில் மருந்தின் கூறு கலந்திருக்கும். அவற்றைத் துடைப்பவர் கையுறை அணிய வேண்டும். கருவுற்ற பெண்கள் அதைச் செய்யலாகாது.

நிர்வாகம் செய்யக்கூடியது

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டு நாட்டில் 14.6 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டது. 2025-26 மத்திய வரவு செலவுத் திட்டத்தில், மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்களை அமைக்கும் நோக்கம் அறிவிக்கப்பட்டது. பயணத் தொலைவைக் குறைப்பதில் இது பெரிய அடியாகும். ரயில்வேயும், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிகளுக்குப் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்பவருக்கு 75 சதவீதச் சலுகையும் அளித்து வருகிறது. மருத்துவமனை தரும் சான்று இதற்குப் போதும்.

இவற்றுடன் சேர்த்துச் செய்ய வேண்டியவை சில உண்டு. எல்லைப் பகுதிகளில் அறிவுரைத் தாளின் மொழி முதலாவது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு எழுத்து கற்று, பெங்களூரில் சிகிச்சை பெறும் ஒருவருக்குக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட தாளைத் தருவதால் பயன் சிறிதே. மும்மொழித் தாள் அச்சிடுவதற்குப் பெரிய செலவில்லை. இரண்டாவது, துணை சுகாதார நிலையச் செவிலியரும் ஆஷா பணியாளரும் இந்த இருபது நாள்களில் இரு முறையேனும் நோயாளியைப் பார்ப்பது: ஒன்று நான்காம் நாளை ஒட்டி, குமட்டலுக்காக, மற்றொன்று பத்தாம் நாளை ஒட்டி, வாய்ப்புண்ணுக்கும் காய்ச்சலுக்கும்.

மூன்றாவது, இரத்த அணுக்கள் எண்ணிக்கைச் சோதனை. அடுத்த சுற்றுக்குத் திருப்பதி வரை சென்ற பிறகு, வெள்ளணு குறைவு, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்படுவது சிகிச்சையில் எதிர்பார்க்க வேண்டியதே. அதே சோதனையை முந்திய நாள் குப்பத்தில் செய்து, முடிவைத் தொலைபேசியில் சிகிச்சை மருத்துவருக்குத் தெரிவித்தால், நோயாளிக்கும் துணைக்கும் இரண்டு நாள் கூலி, 400 கிலோ மீட்டர் பயணம், வெளியூரில் ஓர் இரவுத் தங்கல் ஆகியவை மிச்சமாகும்.