பாடாங் செராய் வாசகிக்கு



பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் வலது பாதம் தொங்குகிறது, நடக்கும்போது பெருவிரல் தரையில் தட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இருட்டோடு எழுந்து நிரை நிரையாகப் பால்மரம் வெட்டியவர், இன்று குளியலறை வாசற்படியில் தடுக்கி விழுகிறார். கணினியில் வடிவமைத்து முப்பரிமாண அச்சில் எடுக்கும் ஏ.எஃப்.ஓ. என்னும் கணுக்கால்-பாதத் தாங்கி வந்துவிட்டதாமே, அதற்காகக் காத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

காத்திருக்காதீர்கள். தொங்கும் பாதத்தை அப்படியே விட்டால் கெண்டைத் தசை இறுகிப் பாதம் கீழ்நோக்கியே நின்றுவிடக்கூடும். அப்புறம் தாங்கி சரியாக உட்காருவது கடினம்.

தாங்கி செய்யும் பழைய முறையில் காலில் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்சு எடுப்பார்கள். அதில் மாவு ஊற்றிக் காலைப் போலவே ஒரு வார்ப்பு செய்து, அரத்தால் தேய்த்து, எலும்பு முட்டும் இடங்களில் கொஞ்சம் மாவு பூசி மேடாக்குவார்கள். பிறகு பாலிபுரோபிலின் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் போர்த்துவார்கள். புது முறையில் மாவு இல்லை. கையடக்க ஸ்கேனர் காலைச் சுற்றி வரும். தேய்ப்பதும் மேடாக்குவதும் திரையில் நடக்கும். அச்சு இயந்திரம் உருகிய பிளாஸ்டிக்கை இழை இழையாக, அடுக்கடுக்காகப் போடும். அமெரிக்கர் ஸ்காட் கிரம்ப் 1980களின் கடைசியில் மகளுக்குத் தவளைப் பொம்மை செய்யப்போய், சூடான பசையை அடுக்கிப் பார்த்ததில் பிறந்த யோசனை இது என்பார்கள்.

இதில் உண்மையான லாபம் ஒன்று உண்டு. கோப்பு கணினியில் தங்கிவிடும். தாங்கி உடைந்தால், கால் மாறாத வரை, மறுபடி அளவெடுக்காமல் இன்னொன்று அச்சிடலாம். மற்றபடி இயந்திரத்துக்குக் கால் தெரியாது. என் மாமாவுக்கு ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். ஸ்கேனர் அழகாகச் சுற்றியது; பாதத்தைத்தான் யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. தொங்கியபடியே பதிவானது, தொங்கியபடியே அச்சாகி வந்தது. போட்டு எழுந்தால் குதிகால் சப்பாத்தில் படியவே இல்லை. மாவுக்கட்டோ ஸ்கேனோ, முழங்காலை மடக்கி, கணுக்காலைச் செங்கோணத்தில் ஒருவர் கையால் பிடித்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அளவெடுக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கையைத்தான்.

அடுக்குகள் எந்தப் பக்கமாக விழுகின்றன என்றும் கேளுங்கள். கணுக்காலுக்குப் பின்னால் குறுக்காக அடுக்கு விழுந்தால், நடக்க நடக்க அங்கேதான் விரிசல் விடும். நைலான் தூளை லேசரால் உருக்கிச் செய்வதில் இந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல்.

தாங்கியின் மேல்விளிம்பு முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் துருத்தும் எலும்பை அழுத்தவே கூடாது. பாதத்தைத் தூக்கும் நரம்பு அங்கேதான் தோலை ஒட்டிப் போகிறது. பருத்திக் காலுறை போட்டு அணியட்டும். கழற்றிய பின் சிவப்புத் தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் செய்தவரிடமே திரும்பப் போங்கள். இனிப்புநீர் இருந்தால் வலி தெரியாமல் போகலாம். நீங்கள்தான் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அம்மா வேலையில் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவரா? இயலாமைத் திட்டத்தில் தகுதி பெற்றால் செயற்கைக் கால், தாங்கி போன்றவற்றுக்கும் அதில் வழி உண்டு. இல்லையென்றால் ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்து, மருத்துவர் கடிதத்தோடு சமூக நல இலாகாவில் துணைக்கருவிகளுக்கான உதவித்தொகை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தத் தாங்கிகளில் பெரும்பாலானவை சப்பாத்துக்குள் போடுவதற்கென்றே ஆனவை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதுதானே நம் வழக்கம்? வெறும் பிளாஸ்டிக்கோடு மொசைக் தரையில் நடந்தால் வழுக்கும். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி சப்பாத்து வாங்கிவிடுங்கள். பால்மரக் காட்டுக்குப் போட்டுப்போன கறுப்பு ரப்பர் சப்பாத்தை அம்மா விடமாட்டார் என்றால், தாங்கி போடும் காலுக்கு மட்டும் ஓர் அளவு பெரிதாகத் தேட வேண்டியிருக்கும். அளவெடுக்கப் போகும் நாளில் அந்தச் சப்பாத்தையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.